முதல் வீடு வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: கடலூர் பக்கத்துக்கான பதில்கள்

மஞ்சக்குப்பத்தில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்களைப் படித்துக் குறிப்பு எழுதுவது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் முறையாக வீடு வாங்குகிறவர்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஆனால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து கேட்கிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் கேட்டால் இதே கேள்விகளுக்கு நல்ல பதில் சொல்ல முடியும். அதனால் அவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதி, பதில்களைத் தொகுத்திருக்கிறேன். கட்டணமும் சட்டமும் தமிழ்நாட்டுக்கு உரியவை. புதுச்சேரி எல்லைக்குள் வாங்குகிறவர்களுக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

கையில எவ்வளவு பணம் இருந்தா வீடு வாங்க இறங்கலாம்?

30 லட்சம் ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு, சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்கிறது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அது உச்ச வரம்பு. பழைய வீடாக இருந்தால் வங்கி தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பைத்தான் பார்க்கும், அது பெரும்பாலும் நீங்கள் பேசிய விலைக்குக் கீழே இருக்கும். அதனால் 24 லட்சம் கடன், 6 லட்சம் கைப்பணம் என்று கணக்குப் போடுவது பாதுகாப்பு.

அதற்கு மேல் பத்திரச் செலவு. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. (2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. பழைய கணக்கை வைத்து 11 என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) 30 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். இதை வங்கி கடனில் சேர்க்காது. பிறகு வக்கீல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமானப் பதிவு, பத்திர எழுத்தர், புரோக்கர் கமிஷன். குடிபோகும் முன் மோட்டார், கிரில், பெயின்ட் என்று ஏதாவது வரும். ஆக கிட்டத்தட்ட 10 லட்சம் கையில் வேண்டும். நகையை அடகு வைத்து இந்தத் தொகையைத் திரட்டுவதாக இருந்தால், அந்த வட்டியையும் மாதத் தவணையோடு சேர்த்துப் பாருங்கள்.

24 லட்சம் லோன் போட்டா மாசம் எவ்வளவு வரும்? 15 வருஷமா, 20 வருஷமா?

வட்டி 8.5 சதவீதம் என்றால் 20 ஆண்டுக்கு மாதம் சுமார் 20,830 ரூபாய். மொத்தமாகக் கட்டியிருப்பது கிட்டத்தட்ட 50 லட்சம். அதே கடனை 15 ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 23,630, மொத்தம் 42.5 லட்சம். மாதம் 2,800 ரூபாய் கூடக் கட்டினால் ஏழரை லட்சம் மிச்சம்.

ஆனாலும் வருமானம் நிலையில்லாதவர்களுக்கு 20 ஆண்டையே சொல்வேன். மாறும் வட்டியில் வாங்கும் தனிநபர் வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. போனஸ் வரும்போது அசலில் கட்டிக்கொள்ளலாம். தவணை கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வீட்டில் நிம்மதி போய்விடும் என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

முதல் வீட்டுக்கு அரசு மானியம் உண்டாமே?

பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் எங்கும் குடும்பத்தில் யார் பெயரிலும் பக்கா வீடு இருக்கக் கூடாது. கிடைப்பது அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து ஆண்டுத் தவணைகளில். வங்கியில் விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். ஆனால் இந்தப் பணத்தை நம்பி விலை பேசாதீர்கள்.

கட்டின வீடா, மனை வாங்கிக் கட்டுறதா, ஃபிளாட்டா? எது நல்லது?

மனை வாங்கிக் கட்டினால் கம்பி முதல் சிமெண்ட் வரை என்ன போட்டோம் என்று தெரியும். ஆனால் கட்டி முடிக்கும் வரை வாடகையும் தவணையும் சேர்ந்து ஓடும். 2,500 சதுரடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுரடிக்குள் வீடு கட்ட, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். மனை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், அது முக்கியம்.

ஃபிளாட்டில் நீங்கள் வாங்குவது கட்டடமும், அதன் அடியில் உள்ள நிலத்தில் பிரிக்கப்படாத பாகமும். அந்தப் பாகம் எத்தனை சதுரடி என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். 30 ஆண்டு கழித்துக் கட்டடத்துக்கு மதிப்பு குறையும், நிலப் பாகம்தான் நிற்கும். கட்டுநரிடமிருந்து முதல் முறையாக வாங்கும் ஃபிளாட்டுக்கு 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம்தான். கட்டிக்கொண்டிருக்கும்போது வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம் (45 லட்சத்துக்குள் உள்ள சிறிய வீடுகளுக்கு 1), பணி நிறைவுச் சான்று வந்தபின் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை.

கடலூர்ல எந்தப் பக்கம் வாங்கினா தண்ணி வராது?

இதைத்தான் முதல் கேள்வியாகவே போட்டிருக்க வேண்டும். வடக்கே தென்பெண்ணை, ஊருக்கு நடுவே கெடிலம், முதுநகர் பக்கம் பரவனாறும் உப்பனாறும், கிழக்கே கடல். மேற்கே எங்கோ பெய்த மழை எல்லாம் இங்கே வந்துதான் கடலில் சேர வேண்டும். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தை இந்த மாவட்டம் மறக்காது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. இங்கே மழை குறைந்த பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து குண்டு உப்பலவாடி, நாணமேடு, உச்சிமேடு போன்ற ஆற்றோர ஊர்களைச் சூழ்ந்தது. உள்ளூரில் மழை நின்றுவிட்டது என்றால் ஆபத்து முடிந்தது என்று இங்கே எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் எந்த நகரின் பெயரையும் சொல்லி ‘இது நல்லது’ என்று எழுத மாட்டேன். ஒரே நகரில் இரண்டாவது தெருவில் தண்ணீர் நிற்கும், நான்காவது தெருவில் நிற்காது. போய்ப் பாருங்கள். அடுத்த வீட்டுக் காம்பவுண்டு சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறதா? கதவின் கீழ்ப்பகுதி மட்டும் புதுப் பலகையா? மின் மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா? விற்கிற வீட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்கு அடித்திருக்க மாட்டார்கள். அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் “2015-ல எது வரைக்கும் வந்தது?” என்று கேளுங்கள், படியைக் காட்டிச் சொல்வார்கள். வீட்டுத் தரை சாலையை விட எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் அந்த உயரம் குறைகிறது. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை வரை பொறுத்து, அதில் ஒரு முறை பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

நிலத்தடி நீரையும் பாருங்கள். கடலோரத்தில் உப்பு. முதுநகருக்குத் தெற்கே குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் சிப்காட் ஆலைகள் இருப்பதால், அங்கே வாங்குகிறவர்கள் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. கடலிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு உண்டு. தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற இடங்களில் மனை வாங்குவதற்கு முன் கட்ட அனுமதி கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு பிடிச்சிருக்கு. இன்னைக்கே டோக்கன் குடுக்கலேன்னா வேற பார்ட்டி வாங்கிடும்னு புரோக்கர் சொல்றார்.

வாங்கிக்கொள்ளட்டும். பத்திர நகல் கொடுக்காதவருக்குப் பத்தாயிரம்கூடக் கொடுக்காதீர்கள். நகல்களைக் கொடுத்து, படித்துப் பார்க்க ஒரு வாரம் தருகிறவர்தான் விற்கத் தயாராக இருக்கிறவர். அட்வான்ஸ் கொடுக்கும் வரை கேள்வி கேட்கும் பலம் உங்கள் கையில் இருக்கிறது. கொடுத்த பிறகு அது அவர் கைக்குப் போய்விடுகிறது. கீழே வரும் கேள்விகள் எல்லாவற்றையும் அட்வான்ஸுக்கு முன் கேட்க வேண்டியவை என்றே படியுங்கள்.

சரி, என்னென்ன பேப்பர் கேட்கணும்?

விற்கிறவர் பெயரில் உள்ள கிரயப் பத்திரம் (அல்லது செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை), அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், 30 ஆண்டு வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்), பட்டா, நில அளவை வரைபடம், மனைப்பிரிவு வரைபடமும் அங்கீகார எண்ணும், கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது. கடலூர் மாநகராட்சியின் நகர அளவை உள்ள பகுதிகளில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள்.

நகலை வாங்கிய பிறகு அசலையும் ஒரு முறை கண்ணால் பாருங்கள். அசல் இல்லை, தொலைந்துவிட்டது என்றால் அது வேறு எங்காவது அடகில் இருக்கலாம். போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று எல்லாம் வந்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு.

வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. அப்புறம் என்ன பயம்?

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம், நல்ல வசதி. ஆனால் அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, ஒருவர் இறந்ததால் பிள்ளைகளுக்கு வந்த உரிமை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு, கைமாற்றுக்காகப் பத்திரத்தை ஈடாகக் கொடுத்தது எதுவும் அதில் தெரியாது.

இன்னொன்று, தேடும் சர்வே எண். 1980-களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவு எண்கள் பல இடங்களில் மாறின. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். 114/2 என்று இருந்தது 114/2பி ஆனபோது, 114/2-ல் எழுதிய அடமானம் இங்கே காட்டாமல் போகலாம்.

பட்டா அவர் பேர்ல இருக்கு. அது போதாதா?

போதாது. பட்டா வருவாய்த்துறைக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. உரிமை எப்படி வந்தது என்பதைப் பத்திரம்தான் சொல்லும். இரண்டும் ஒரே பெயரில், ஒரே அளவில் இருக்க வேண்டும். பத்திரத்தில் 1,800 சதுரடி, பட்டாவில் 1,650 என்றால், அந்த 150 எங்கே போனது என்று சர்வேயரை வைத்து அளந்து பார்த்த பிறகுதான் விலை. கூட்டுப் பட்டா என்றால் மற்றவர்களும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கலாம்.

பட்டாவோடு நிறுத்தாமல் ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள். அந்த நிலம் ஆதியில் என்ன வகை என்று அதில் இருக்கும். வாய்க்கால், குட்டை, மேய்க்கால் என்று இருந்தால் விலகுங்கள், அதன் மேல் வீடும் வரி ரசீதும் மின் இணைப்பும் இருந்தாலும் சரி. பஞ்சமி நிலம் (பட்டியல் சமூகத்தாருக்கு ஒதுக்கிய நிலம்), நிபந்தனையோடு அரசு கொடுத்த மனை, கோயில் அடிமனையில் வாடகை கட்டி எழுப்பிய வீடு, இவையும் அப்படித்தான். கோயில் மனையில் இருப்பவருக்கு விற்க நிலம் இல்லை, கட்டடம் மட்டும்தான்.

பத்திரத்தோட கடைசியில ‘தபசில்’னு ஏதோ அடிக் கணக்கு இருக்கு. அதைப் படிக்கணுமா?

முதலில் படிக்க வேண்டியதே அதுதான், சொத்தின் எல்லையும் அளவும் எழுதிய பகுதி. ஒரு தபசில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘…சர்வே 88/3-ல், மனை எண் 14, வடக்கு 20 அடி அகலத் தெருவுக்குத் தெற்கு, மனை எண் 15-க்கு மேற்கு, மனை எண் 13-க்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்கு, இதன் மத்தியில் கிழமேல் இருபுறமும் 30 அடி, தென்வடல் இருபுறமும் 50 அடி, ஆக 1,500 சதுரடி.’

இதைக் கையில் வைத்துக்கொண்டு மனையில் நின்று பாருங்கள். வடக்கே தெரு என்று எழுதியிருக்கிறது. அந்தத் தெரு இப்போது 20 அடி இருக்கிறதா, எதிர்வீட்டுக்காரர் படிக்கட்டு கட்டி 14 அடி ஆக்கிவிட்டாரா? தெற்கே வாய்க்கால் இருந்ததாம், இப்போது அங்கே சுவர் நிற்கிறது என்றால் மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகிறது? டேப்பைப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை நான்கெல்லை ஒத்துப்போகிறதா என்றும் வரிசையாகப் பாருங்கள். நடுவில் ஒரு பத்திரத்தில் மட்டும் ‘சாலை’ என்று புதிதாக முளைத்திருந்தால், அந்தப் பாதை உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். குழிக் கணக்கில் பேசினால் சதுரடிக்கு மாற்றிக் கேளுங்கள், குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். ஒரு சென்ட் என்பது எங்கும் 435.6 சதுரடிதான்.

அப்ரூவல் இல்லாத மனை பாதி விலைக்கு வருது. பதிவும் ஆகுதாம். வாங்கலாமா?

2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. அதன் பிறகு 2017-ல் வரன்முறை விதிகள், அதாவது அப்படிப்பட்ட மனைகளுக்குப் பின்னால் அங்கீகாரம் கொடுக்கும் விதிகள், வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாக விற்கப்பட்டவற்றை வரன்முறைப்படுத்தலாம். ஏற்கெனவே வீட்டு மனையாகப் பதிவானது மறுபடி பதிவாகவும் வழி இருக்கிறது. அதனால் ‘பதிவு ஆகிறது’ என்பதை ‘அங்கீகாரம் இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கீகாரம் இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது, நல்ல வங்கியில் கடனும் கிடைக்காது.

விற்கிறவரே வரன்முறை ஆணை வாங்கிக் கொடுத்தால் வாங்குங்கள். ‘நீங்க வாங்கினப்புறம் நான் முடிச்சுத் தர்றேன்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம். மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்காவுக்கு விட்ட இடம் உங்கள் மனையாக மாறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ரெரா நம்பர் இருக்குன்னு போர்டு வெச்சிருக்காங்க. அப்போ நம்பலாம்தானே?

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு கட்டாயம். எண்ணைத் தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டு, அதே சர்வே எண்தானா, முடிக்கும் தேதி எது என்று பாருங்கள். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் கேட்கக் கூடாது. ஒப்படைத்த பிறகு ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் அவர்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். நிலத்தின் பழைய பத்திரங்களை நீங்கள் படிக்க வேண்டிய வேலையை மட்டும் ரெரா எண் குறைக்காது.

சொத்து அவங்க அப்பா பேர்ல. அப்பா இறந்துட்டார். பையன் மட்டும் கையெழுத்துப் போட்டா போதுமா?

கடலூரில் நான் பார்க்கும் சிக்கல்களில் பெரும்பங்கு இதில்தான். இந்துக் குடும்பத்தில் உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு. தாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதிப் பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும்.

‘அக்காவுக்குச் சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சு, அவங்களுக்குப் பங்கு இல்ல’ என்று சொல்வார்கள். செய்த சீர் அவர் பங்கை அழிக்காது. பூர்விகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை உண்டு. தமிழ்நாடு 1989-லேயே கல்யாணமாகாத மகள்களுக்கு அதைக் கொடுத்தது, 2005-ல் மத்தியச் சட்டம் எல்லோருக்கும் கொடுத்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் தெளிவாக்கியது. வாரிசுகளில் 18 வயது ஆகாதவர் இருந்தால், அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அம்மா கையெழுத்து மட்டும் போதாது. கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசு முறை வேறு.

ஓனர் சிங்கப்பூர்ல இருக்கார். பவர் வெச்சிருக்கவர் விக்கிறார்.

பவர் என்பது உரிமையாளர் தன் சார்பில் செயல்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். பதிவான பவர்தானா, அதில் விற்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா, ரத்தாகவில்லையா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, இந்த நான்கும் தெரிய வேண்டும். கொடுத்தவர் இறந்த நாளோடு சாதாரண பவர் முடிந்தது. வீடியோ அழைப்பில் உரிமையாளரிடம் நேராகப் பேசுங்கள், பணத்தை அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். அவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் நீங்கள் பிடிக்க வேண்டிய வருமான வரி விகிதம் அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

‘கிரயமா வேண்டாம், பவரா எழுதிக்கலாம், செலவு மிச்சம்’ என்பது வேறு விஷயம். பவர் மூலம் சொத்துரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த வீட்டு மேல ஏற்கெனவே லோன் ஓடுது. தொடலாமா?

தொடலாம். சொல்லப்போனால் ஒரு வங்கி ஏற்கெனவே பத்திரங்களைப் பார்த்த சொத்து. விற்பவரின் வங்கியிடமிருந்து பாக்கித் தொகைக் கடிதமும், அவர்களிடம் உள்ள அசல் பத்திரங்களின் பட்டியலும் வாங்குங்கள். பாக்கியை அந்த வங்கியின் பெயருக்கே கட்டுங்கள், விற்பவர் கையில் கொடுக்க வேண்டாம். கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி அசலைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு என்பது ரிசர்வ் வங்கி விதி. அடமானம் தீர்ந்த ரசீது பதிவாகி வில்லங்கத்தில் வந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

அக்ரிமெண்ட்டை 20 ரூபாய் பத்திரத்துல எழுதி வெச்சுக்கலாமா?

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்தால் அது வில்லங்கத்தில் ஏறும், அவர் வேறொருவருக்கு விற்க முயன்றாலும் வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். அதில் முழு விலை, கொடுத்த அட்வான்ஸ், கிரயத்துக்கான கடைசித் தேதி, வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ பத்திரத்தில் குறை தெரிந்தாலோ அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதெல்லாம் இருக்கட்டும். இந்தக் கடைசி வரியை எழுத மறுக்கிறவரிடம் மறுபடி யோசியுங்கள்.

விலை 30. பத்திரத்துல 18 போட்டுக்கலாம், மீதி கேஷ்னு சொல்றாங்க.

வேண்டாம். நிலம், வீட்டுக்கான பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு எதிரானது. வங்கியும் பத்திர விலையைத்தான் கணக்கில் எடுக்கும். நாளைக்கு ஏதாவது தகராறு வந்து பணம் திரும்ப வர வேண்டுமானால் 18 லட்சத்துக்குத்தான் ஆதாரம் இருக்கும். நீங்கள் விற்கும்போதும் அந்த 12 லட்சம் உங்கள் லாபமாகக் கணக்காகி வரி வரும். பத்திர விலை அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குக் குறைவாக இருந்தாலும் தீர்வை அந்த மதிப்புக்குக் கட்டத்தான் வேண்டும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்கு நீங்கள் கட்ட வேண்டும்.

மனைவி பேர்ல வாங்கினா சலுகை உண்டா?

2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மனைக்கு உதவும், வீட்டுக்குப் பெரும்பாலும் உதவாது. அது இல்லாவிட்டாலும் இருவர் பெயரிலும் வாங்குங்கள் என்பேன். இருவர் வருமானத்தையும் சேர்த்துக் கடன் கேட்கலாம், ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் சொந்த வீட்டிலேயே வாரிசுச் சான்றுக்காக அலைவது பாதியாகக் குறையும். வருமான வரியில் வட்டிக்கு 2 லட்சம், அசலுக்கு 1.5 லட்சம் கழிவு என்பது பழைய வரிமுறையில்தான். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அது இல்லை.

பாங்க் வக்கீல் பாத்துட்டார். நாம தனியா வேற பாக்கணுமா?

பாருங்கள். அவர் பார்ப்பது கடன் பணம் பத்திரமாகத் திரும்புமா என்பதை. பாதை 14 அடி ஆனதோ, கிணற்றில் பக்கத்து வீட்டாருக்குப் பங்கு இருப்பதோ அவர் அறிக்கையில் வராமல் போகலாம். அவர் அட்வான்ஸுக்குப் பிறகுதான் பார்ப்பார் என்பது இன்னொரு காரணம்.

கீழ் வீட்டுக்கு பிளான் இருக்கு, மாடிக்கு இல்ல. பரவாயில்லையா?

மாடிக்கு வங்கி மதிப்புப் போடாது. வரி ரசீதில் மாடி இருந்தாலும் அது அனுமதி ஆகாது. கீழ் வீட்டுக்கும் மனைக்கும் உள்ள விலையை மட்டும் பேசி, மாடிக்குக் கொஞ்சமாகக் கொடுங்கள். அஸ்திவாரம் மாடியைத் தாங்க எழுப்பியதுதானா என்று ஒரு பொறியாளரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். 2011 தானே புயலுக்குப் பிறகு அவசரமாகக் கூரையை எடுத்துவிட்டு மேலே கட்டிய வீடுகள் இங்கே உண்டு.

பாகூர் பக்கம் பாக்குறோம். இதே நடைமுறைதானா?

முள்ளோடை, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், பாகூர் எல்லாம் புதுச்சேரி. ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. சாலையில் போகிறவருக்கு எல்லை தெரியாது, பத்திரத்துக்குத் தெரியும். புதுச்சேரிக்கு முத்திரைத்தீர்வை, பதிவுத்துறை, நிலப் பதிவேடு, மனை அங்கீகாரம் எல்லாம் தனி. தமிழ்நாட்டுத் தளங்களில் தேடினால் கிடைக்காது, மேலே சொன்ன 9 சதவீதக் கணக்கும் அங்கே பொருந்தாது.

1954-க்கு முன் அங்கே பிரெஞ்சு ஆட்சி. பழைய தாய்ப் பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருக்கலாம், மொழிபெயர்த்துப் படித்தே ஆக வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களுக்கு வாரிசு முறையும் அந்தச் சட்டப்படியே. வாரிசு பற்றி மேலே எழுதியதை அவர்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. புதுச்சேரியில் பழகிய வழக்கறிஞரிடம் போங்கள்.

பதிவு நாள்ல என்ன நடக்கும்? அதுக்கப்புறம்?

முந்தின நாள் மாலை வில்லங்கத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். வரைவுப் பத்திரத்தில் பெயர், ஆதார், சர்வே எண், நான்கெல்லை, அளவு எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து படியுங்கள். பிழை திருத்தல் பத்திரம் எழுத மறுபடி விற்பவர் வர வேண்டியிருக்கும், அவர் வருவாரா என்பது தெரியாது. மறுநாள் இருதரப்பும் இரண்டு சாட்சிகளும் சார்பதிவாளர் முன் போய், படம் எடுத்து, கைரேகை வைத்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. சாவியையும் பழைய அசல் பத்திரங்களையும் அன்றே வாங்குங்கள்.

பட்டா மாற்றம் உட்பிரிவு இல்லாத சொத்துக்குப் பதிவைத் தொடர்ந்து தானாகவே நடக்கும். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளப்பார். அன்று நீங்கள் அங்கே இருங்கள், கல் எங்கே விழுகிறது என்று கண்ணால் பாருங்கள். சொத்து வரி, குடிநீர், மின் இணைப்புப் பெயர் மாற்றத்தை அதே மாதத்தில் முடித்துவிடுங்கள்.

இதெல்லாம் தெரியாம அட்வான்ஸ் குடுத்துட்டோம். இப்போ பத்திரத்துல குறை இருக்கு. பணம் போனதா?

போகவில்லை. கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வங்கி வழியாகப் போனதா, ரசீது உண்டா, வாட்ஸ்அப்பில் அவர் ‘வந்தது’ என்று போட்ட செய்தி இருக்கிறதா, எல்லாவற்றையும் அழியாமல் எடுத்து வையுங்கள். குறை என்ன என்று எழுதி, அதை இத்தனை நாளில் சரிசெய்யுங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள் என்று வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். பலர் அந்த இடத்திலேயே இறங்கி வருகிறார்கள். வரவில்லை என்றால் வழக்கு. அதற்கு ஒப்பந்தத்தில் குறித்த கடைசித் தேதியிலிருந்து மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு. ‘அடுத்த மாசம் தர்றேன்’ என்ற பேச்சிலேயே அந்த மூன்று ஆண்டையும் கழித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எனவே அவர் இரண்டாம் முறை தவணை கேட்கும்போதே எல்லாக் காகிதங்களோடும் வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.